சாமியாடியின் நெற்றிப்பொட்டு

மலேசியாவின் ஈப்போ நகருக்குப் போகும் பேருந்தில் என் முன் இருக்கைக்காரர் சட்டைப் பையிலிருந்து சின்னஞ்சிறு பாட்டில் ஒன்றை எடுத்துத் திறந்தார். பச்சைத் தைலத்தின் வாடை. கண் எரிந்தது. வெளியே எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை மரங்கள் வரிசை கலையாமல் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன. நானோ பாளையங்கோட்டையில், ரயில்வே குடியிருப்பில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். மலேசியாவிலிருந்து வந்த யாரோ கொடுத்த தைலம். அம்மாவுக்கு வாரம் தவறாமல் தலைவலி வரும், சாப்பாட்டு நேரம் பார்த்து வரும் விருந்தாளியைப் போல. நான் இரண்டு கட்டைவிரல்களாலும் அவள் நெற்றிப்பொட்டை அழுத்துவேன். "அழுத்துடி. இன்னும் அழுத்து. சோறுதானே திங்கிறே?" என்பாள்.

என் தொழில் அங்கேதான் தொடங்கியது என்று சொல்லலாம். பிசியோதெரபி படித்தேன். அதன் பிறகு திருநெல்வேலிச் சீமையின் முட்டிகளையும் இடுப்புகளையும் அழுத்திக்கொண்டே பாதி ஆயுள் போய்விட்டது. முட்டிகள் சரியாகிவிட்டன. என் கட்டைவிரல்கள் தேய்ந்துவிட்டன. காலையில் பற்பசை மூடியைத் திறக்கப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. அழுத்தாமல் செய்யும் வைத்தியம் ஏதாவது உலகத்தில் இருக்கிறதா என்று தேடியபோது கிடைத்ததுதான் கிரேனியல் ஆஸ்டியோபதி. அதில் முதுநிலைப் பயிற்சி, ஐந்து நாள், ஈப்போவில். ஓரிடத்தில் இருக்க மாட்டாதவள் என்று ஊரில் எனக்குப் பெயர் உண்டு. அந்தப் பெயரையும் காப்பாற்ற வேண்டியிருந்தது.

முதல் நாள். ஒரு ஹோட்டலின் கூட்ட அறை. ஜன்னலுக்கு வெளியே சுண்ணாம்புக் குன்றுகள், நேரத்தோடு வந்து உட்கார்ந்துவிட்டு, இன்னும் யாரும் மாலை போடவில்லையே என்று முகம் சுருங்கிய பெரிய மனிதர்களைப் போல. உள்ளே படுக்கை மேஜைகள். சொல்லித்தர வந்தவர் மார்ட்டின், நியூசிலாந்துக்காரர். மிக மெதுவாகப் பேசினார். அறையின் ஏ.சி. அவரைவிடச் சத்தமாகப் பேசியது.

மார்ட்டின் சொன்னதன் சாரம் இது: வளர்ந்த மனிதருக்கும் மண்டையோட்டு எலும்புகள் மிக நுட்பமாக அசைகின்றன. மூளையைச் சூழ்ந்திருக்கும் நீர் அலை போல ஏறி இறங்குகிறது. தலையைக் கைகளில் ஏந்திக்கொண்டு காத்திருந்தால் அந்த அலை விரல்களுக்குத் தெரியும். அது தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும். கையின் அழுத்தம் ஒரு நாணயத்தின் எடையைத் தாண்டக் கூடாது.

அந்த எலும்புகள் வயது ஏற ஏற ஒன்றோடொன்று இறுகிப்போய்விடும் என்று கல்லூரியில் படித்ததாக எனக்கு நினைவு. பரீட்சையில் அப்படி எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் விமானம் ஏறி வந்தாகிவிட்டது. அசைந்தால் அசையட்டும் என்று இருந்துவிட்டேன். ஒரு நாணயத்தின் எடை என்பதுதான் உறுத்தியது. ஊரில் இதைச் செய்தால், படுத்திருப்பவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "எப்பம்மா ஆரம்பிப்பீங்க?" என்று கேட்பார்.

ஜோடி ஜோடியாகப் பிரித்தார்கள். எனக்கு வாய்த்தவள் சரஸ்வதி. ஈப்போவிலேயே பிசியோதெரபிஸ்ட், என்னைவிடக் கொஞ்சம் இளையவள். கோப்பெங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, ரப்பர் பால்மரம் போய்ச் செம்பனை வந்த பிறகு டவுனுக்கு வந்தவள். அவள் படுத்தாள். அவள் தலையை ஏந்திக்கொண்டு கண்ணை மூடினேன்.

அடுத்த மேஜையில் டாக்டர் சிவநேசன். அரசாங்க ஆஸ்பத்திரியில் இருந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்து வம்சம், அவர் கால்சட்டை மடிப்பில் வெண்டைக்காய் நறுக்கலாம். கை வைத்த உடனேயே அவருக்கு அலை வந்துவிட்டது. "ஓம், வருது... இப்ப போகுது... திரும்பவும் வருது," என்று ரயில் நிலைய அறிவிப்பாளரைப் போலச் சொல்லிக்கொண்டிருந்தார். அறையில் ஒவ்வொரு மேஜையாக அலை வந்துகொண்டிருந்தது. ஒரு பெண் கண்ணீர் விட்டாள்.

எனக்கு வரவில்லை. சரஸ்வதியின் ஷாம்பு வாடை வந்தது. என் சொந்த நாடி துடிப்பது தெரிந்தது. பிறகு தோள்பட்டையில் பிடிப்பு வந்தது. மார்ட்டின் வந்து பின்னால் நின்று, என்ன தெரிகிறது என்று கேட்டார்.

"சூடாக இருக்கிறது," என்றேன்.

பொய்யில்லை. உயிருள்ள தலை சூடாகத்தான் இருக்கும். நல்ல தொடக்கம் என்று தலையசைத்துவிட்டுப் போனார்.

தேநீர் நேரத்தில் சரஸ்வதி என்னை ஓரமாக இழுத்தாள். "அக்கா, உண்மைய சொல்லுங்க. கையில ஏதாச்சும் தெரிஞ்சிச்சா?"

"இல்லை."

"எனக்கும்தான் லா! ஒங்க தலைய பிடிச்சிக்கிட்டு, வீட்டுக்குப் போயி என்ன கொழம்பு வைக்கலாம்னு யோசிச்சேன். வாத்தியாரு வந்து, 'என்ன ஒரு அமைதி'ன்னு பாராட்டிட்டுப் போறாரு."

வாக்கியத்துக்கு வாலாக 'லா' சேர்ப்பது அந்த ஊர்ப் பேச்சு. அன்று முதல் நாங்கள் தோழிகள். மதியம் என்னை முளைப்பயறும் கோழியும் சாப்பிடக் கூட்டிப் போனாள். ஈப்போவின் முளைப்பயறு குட்டையாகவும் கொழுகொழுவென்றும் இருக்கிறது. குன்றுகளில் இருந்து வரும் தண்ணீர்தான் காரணம் என்று சரஸ்வதியும் சொன்னாள், பரிமாறியவரும் சொன்னார், பக்கத்து மேஜைக்காரரும் கேட்காமலேயே சொன்னார். எங்கள் ஊரில் அல்வாவுக்குத் தாமிரபரணியைச் சொல்வோம். இனிமேல் எந்த ஊருக்குப் போனாலும், இந்த ருசிக்கு எந்தத் தண்ணீர் காரணம் என்று நானே முதலில் கேட்டுவிடலாம் என்றிருக்கிறேன்.

இரண்டாம் நாள் தாமதமாகப் போனேன். வாடகைக் கார் ஓட்டிவந்த சீனப் பெரியவர் அதே பெயரின் பாதியை உடைய வேறொரு ஹோட்டலுக்குக் கொண்டுபோய் இறக்கினார். திரும்பி வரும் வழியில், நான் என்ன வேலை செய்கிறேன் என்று மலாயும் ஆங்கிலமும் கலந்து கேட்டார். தலையைப் பிடிக்கிறேன் என்றேன். அடுத்த சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்தி, கழுத்தை என் பக்கம் சாய்த்தார். பின் இருக்கையில் இருந்து கட்டைவிரலால் நன்றாக நான்கு அழுத்து அழுத்தினேன். பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் கேட்டது. அவர் நகரவில்லை. "நல்லாத்தான் இருக்கு. ஆனா என் வீட்டுக்காரி இன்னும் பலமா அழுத்துவா," என்பது அவர் தீர்ப்பின் தமிழாக்கம்.

வகுப்பில் அன்றும் அலை வரவில்லை. மூன்றாம் நாளும் வரவில்லை. மார்ட்டின் என்னிடம் கோபிக்கவே இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "காத்திருங்கள்" என்பார். டாக்டர் சிவநேசன் ஒருமுறை என் தலையை ஏந்திப் பார்த்துவிட்டு, "உங்களுக்குள்ள நல்ல அலை இருக்குது பிள்ளை," என்று ஆறுதல் சொன்னார். என் வீட்டில் திருடு போன பொருளின் அழகை அடுத்த வீட்டுக்காரர் வர்ணித்த மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் மதியம் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் சரஸ்வதி விஷயத்தைச் சொன்னாள். நான்காம் நாள் நாங்கள் உண்மையான நோயாளிகளைத் தொட வேண்டும். அதற்கு அவள் பிறந்த தோட்டத்து மண்டபத்தை ஏற்பாடு செய்திருந்தாள். (பெயர்களை மாற்றியிருக்கிறேன். தோட்டத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. காரணம் கடைசியில் தெரியும்.)

"எங்க பெரியண்ணனும் வாரார் அக்கா. ரெண்டு மாசமா தலவலி. மருந்துக் கடையில மாத்திர வாங்கிப் போட்டுக்கிட்டு இருக்காரு. ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னா வர மாட்டேங்குறாரு. அவரு தலைய யாரும் தொட முடியாது, தெரியுமா?"

"ஏன்?"

"சாமி தல லா. முனியாண்டி சாமிக்கு ஆடுறவரு. முடி வெட்டுறவருகூட கோயில்ல பூப்போட்டு உத்தரவு கேட்டுட்டுத்தான் வெட்டுவாரு."

சிவப்புப் பூ ஒரு பொட்டலத்தில், வெள்ளைப் பூ ஒரு பொட்டலத்தில் கட்டிச் சாமி காலடியில் போட்டு எடுப்பார்கள். வெள்ளை வந்தால் சம்மதம்.

"இப்ப மட்டும் எப்படிச் சம்மதம் வந்தது?"

சரஸ்வதி ரசத்தை உறிஞ்சினாள். "பொட்டலம் கட்டுனது எங்க அண்ணி. ரெண்டுலயும் வெள்ளையத்தான் கட்டியிருப்பாங்கன்னு நெனைக்கிறேன்."

நான்காம் நாள் காலை வேனில் போனோம். பெரிய சாலையை விட்டுச் செம்மண் பாதையில் திரும்பும் இடத்தில் மஞ்சள் பூசிய ஒரு கல். அதுதான் தோட்டத்து எல்லை. உள்ளே இரண்டு பக்கமும் செம்பனை, வெயிலை உள்ளே விடாமல். பால்மரம் என்று சொல்லக் கோயிலுக்குப் பின்னால் ஒன்று நின்றது, உடம்பெல்லாம் பழைய வெட்டுத் தழும்புகளோடு. பக்கத்தில் மண்டபம். முறுக்கிய மீசையும் உயர்த்திய அருவாளுமாக முனியாண்டி உட்கார்ந்திருந்தார். வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது. அடுத்த ஞாயிறு திருவிழா.

சரஸ்வதியின் பெரியண்ணன் ராமையா அறுபதைத் தாண்டியவர். நல்ல உயரம். வலது மணிக்கட்டில் மஞ்சள் துண்டு கோத்த காப்புக் கயிறு. சாமியாடும்போது தலையில் கட்டும் சிவப்புத் துணி தோளில் கிடந்தது. அவர் மனைவி லெச்சுமி அக்கா குள்ளம். எங்கள் வேன் நின்றதிலிருந்து பேசிக்கொண்டே இருந்தார். பேச்சை நிறுத்தாமலேயே எல்லோர் கையிலும் நாசி லெமாக் பொட்டலம் வைத்தார். தேங்காய்ப் பால் சோறு, நெத்திலி, மிளகாய்ச் சம்பல். ராமையா மட்டும் ரொட்டியைத் தேநீரில் ஊறவைத்து விழுங்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணன் சாப்பிடலையா?" என்றேன்.

"மெல்ல முடியல. ரெண்டு வாய் மென்னா தாட அசந்து போவுது. வயசாச்சில்ல."

உடன்பிறந்தவர்களுக்கு வைத்தியம் செய்யக் கூடாது என்பது மார்ட்டினின் விதி. ஆகவே ராமையா என் மேஜைக்கு வந்தார். சரஸ்வதி பக்கத்தில் நின்றாள்.

"இந்த அக்கா தமிழ்நாட்டுலருந்து வந்திருக்காங்க, அண்ணே."

"தமிழ்நாட்டுல எங்க?"

"பாளையங்கோட்டை."

"அங்க ஜெயிலு இருக்குல்ல?"

"இருக்கு."

"எங்க பாட்டனும் அந்தப் பக்கந்தான்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்: "ஜெயிலுக்கு வெளிய."

படுத்தார். "சாமி தல, தங்கச்சி. பாத்து."

"காசு எடைதான் அண்ணே வைப்பேன்."

வைத்தேன். இரண்டு உள்ளங்கைகளும் தலையின் பக்கவாட்டில், விரல்கள் நெற்றிப்பொட்டின் மேல். கண்ணை மூடினேன். மார்ட்டின் எதிரே நின்று கவனித்தார். வழக்கம் போல அலை வரவில்லை. செம்பனைகளுக்குள் எங்கோ மரம் வெட்டும் இயந்திரம் இரைந்தது. இடது நெற்றிப்பொட்டில் நாடி துடித்தது, வீட்டுக்குள் யாரோ நடமாடுகிற மாதிரி, சாதாரணமாக. வலதில் யாரும் நடமாடவில்லை.

விரலை மயிரிழை நகர்த்தினேன். தோலுக்கு அடியில் ஒரு கயிறு கிடந்தது. நனைந்து முறுக்கேறிய சணல் கயிறு போல, கெட்டியாக, முடிச்சு முடிச்சாக. ராமையா 'ஸ்ஸ்' என்று மூச்சை இழுத்தார். நான் ஒரு காசு எடைகூட வைக்கவில்லை.

"இங்கே வலிக்குதா அண்ணே?"

"சீப்பு பட்டாலே வலிக்குது. இந்தத் துணியக் கட்ட முடியல. அதான் தோள்ல போட்டிருக்கேன். சாமிக்கு எம்மேல ஏதோ கோவம்."

"அலையைக் கவனியுங்கள்," என்றார் மார்ட்டின் மெல்ல.

நான் கையை எடுத்துவிட்டேன். பாடப் புத்தகத்தின் ஒரு பக்கம், பரீட்சைக்கு வராது என்று தாண்டிப்போன பக்கம், வலது மூலையில் இருந்த படத்தோடு நினைவுக்கு வந்தது. என் குரல் எனக்கே பிடிக்காத மாதிரி இருந்தது. "டாக்டர், இங்கே கொஞ்சம் வாருங்கள்."

டாக்டர் சிவநேசன் அடுத்த மேஜையில் கண்ணை மூடி அலையில் இருந்தார். வந்தார். "எங்க பிள்ளை, காட்டுங்கோ." இரண்டு விரலை வைத்தார். ரயில் நிலைய அறிவிப்பாளர் அந்த இடத்திலேயே காணாமல் போனார். ஆஸ்பத்திரி வார்டில் நின்ற மனிதர் திரும்பி வந்துவிட்டார். தாடை வலியைக் கேட்டார். காய்ச்சல், இளைப்பு கேட்டார். பிறகு, "கண் பார்வை எப்படி?"

ராமையா மேற்கூரையைப் பார்த்தார். "போன வாரம் வலது கண்ணுல திர விழுந்த மாதிரி ஆச்சி. கொஞ்ச நேரத்துல வெலகிருச்சி. நேத்தும் ஒரு தடவ."

"எங்கிட்ட சொல்லலியே!" என்றார் லெச்சுமி அக்கா.

"சொன்னா நீ கத்துவ."

"இப்ப என்ன பாடிக்கிட்டா இருக்கேன்?"

டாக்டர் அவர்கள் இருவரையும் பார்த்துச் சொன்னார். "இந்த ரத்தக் குழாய் வீங்கிக் கிடக்குது. கண்ணுக்குப் போற குழாயும் அடைபட்டால் பார்வை போயிடும். போனால் திரும்ப வராது. ஒரு கண்ணோட நிக்கவும் மாட்டாது. மருந்து இருக்கு. இண்டைக்கே தொடங்க வேணும். ஈப்போ ஆஸ்பத்திரிக்கு இப்பவே போவம்."

"திருவிழா முடியட்டும் டாக்டர்."

"அது எப்ப?"

"அடுத்த ஞாயிறு."

"அதுக்கிடையில கண் போயிடும் ஐயா."

ராமையா எழுந்து உட்கார்ந்து மணிக்கட்டைக் காட்டினார். "காப்பு கட்டியாச்சி. எல்லக் கல்லத் தாண்டக் கூடாது. தாண்டுனா தோட்டத்துக்கே ஆகாது. இத்தன வருசம் அவரு பாத்துக்கிட்டாரு. இதையும் அவரு பாத்துக்குவாரு."

மருந்தை இங்கே கொண்டுவர முடியாதா என்று கேட்டேன். நரம்பில் ஏற்ற வேண்டிய மருந்து, ரத்தம் சோதிக்க வேண்டும், கண் டாக்டர் பார்க்க வேண்டும் என்றார் சிவநேசன். சரஸ்வதி அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "பிடிவாதம் பிடிக்காதீங்கண்ணே. கண்ணு லா!" ராமையா அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். அவர் மனம் மாறவில்லை. மார்ட்டினுக்கு என்ன நடக்கிறது என்று விளக்கினேன். கயிறைப் பற்றிச் சொன்னதும் புரிந்துகொண்டார். கல்லைப் பற்றிச் சொன்னதும் புரியவில்லை. "வேனில் போனால் அந்தக் கல்லைத் தாண்ட அரை நொடி ஆகாதே," என்றார்.

அப்போதுதான் கவனித்தேன்: லெச்சுமி அக்கா பேசவில்லை. வந்ததில் இருந்து முதல்முறையாகச் சும்மா இருந்தார். குழாயடிக்குப் போய்க் கால் கழுவிவிட்டு, தட்டில் கற்பூரத்தோடு வந்து கணவர் முன்னால் நின்றார்.

"சாமியக் கூப்பிடுங்க."

"இப்பயா?"

"இப்பத்தான். தோட்டத்துல உள்ளவங்க எல்லாம் வந்து வாக்கு கேக்குறாங்க. ஈப்போவுலருந்து வந்து கேக்குறாங்க. நான் ஒரு நாளாச்சும் கேட்டிருக்கேனா? எனக்கு அவருகிட்ட ஒரு வார்த்த பேசணும்."

காப்பு கட்டியவர், வாக்கு கேட்டு வருகிறவரை இல்லையென்று அனுப்பக் கூடாதாம். பெண்டாட்டியும் வருகிறவர்தான். ராமையா தோள் துணியைச் சரிசெய்துகொண்டார். பிறகு எழுந்து கோயிலுக்கு நடந்தார்.

யாரோ உறுமி மேளத்தைக் கொண்டுவந்தார்கள். அது அடிவயிற்றில் இருந்து உறுமியது. டாக்டர் சிவநேசன் பளபளவென்ற ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கைகூப்பி நின்றார். ராமையாவின் பாதம் முதலில் நடுங்கியது. பிறகு முட்டி. பிறகு ஒரு பெரிய சத்தம். பால்மரத்தில் இருந்த காக்கைகள் பறந்தன. சுருட்டைப் பற்ற வைத்துக் கொடுத்தார்கள். மார்ட்டின் என் காதருகே குனிந்து, கண்கள் பளபளக்க, இது நம் கைகள் தொடங்கிவைத்த விடுதலை, உடல் தன்னைத்தானே அவிழ்க்கிறது என்றார். அவரவர் பார்த்தது அவரவருக்கு.

லெச்சுமி அக்கா கற்பூரத்தைக் காட்டினார். "முனியா, வந்தது நீதானே?"

"ம்ம்ம்."

"ஒம் புள்ள வாலிபத்துலருந்து ஒன்னத் தலையில தூக்கிச் சொமக்குறாரு. அந்தத் தலைக்கு வியாதி வந்திருச்சி. கண்ணு போயிருமாம். கண்ணு போனா, ஒனக்கு யாரு அருவா மேல ஏறி நிப்பா? தடவித் தடவியா ஏறுவாரு? காப்ப அவுத்து விடு."

சாமி சுருட்டை இழுத்தது. புகை விட்டது. மறுபடியும் இழுத்தது. உறுமிக்காரர் வேகத்தைக் குறைத்தார். நடுக்கம் மெல்ல மெல்லத் தணிந்தது. சரஸ்வதி என் கையை இறுகப் பிடித்திருந்தாள், என் தேய்ந்த கட்டைவிரல் வலிக்கும்படி. ராமையாவின் கண் மூடியே இருந்தது. கடைசியில், முன்பைவிடத் தணிந்த குரலில் வந்தது:

"கூட்டிக்கிட்டுப் போ, லெச்சுமி. இப்பவே போ."

மணிக்கட்டை நீட்டினார். லெச்சுமி அக்கா காப்பை அவிழ்த்து, எட்டிக் குதித்து, முனியாண்டியின் அருவாள் பிடியில் மாட்டினார்.

நெற்றியில் திருநீறு பூசியதும் ராமையா நாற்காலியில் சரிந்தார். தண்ணீர் குடித்தார். "என்ன சொன்னாரு?"

"ஆஸ்பத்திரிக்குப் போவச் சொல்லிட்டாரு," என்று ஒரே குரலில் நான்கைந்து பேர் சொன்னார்கள்.

"உத்தரவு ஆயிருச்சின்னா போக வேண்டியதுதான்," என்று சொல்லிவிட்டு, நல்ல சட்டையைத் தேடப் போனார்.

செம்மண் பாதையில், எல்லைக் கல்லுக்குக் கூப்பிடு தூரத்தில், செம்பனைக் குலைகளை ஏற்றிய லாரி ஒன்று பள்ளத்தில் சாய்ந்து சரக்கை வழி முழுக்கக் கொட்டிவிட்டிருந்தது. ஓட்டுநர் புகைத்துக்கொண்டு நின்றார். "தா ஆப்பா," என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். அவருக்குப் பரவாயில்லைதான். முதுநிலைப் பயிற்சி மாணவர்கள் எல்லோரும் இறங்கி, முள் குத்தக் குத்தக் குலைகளை ஓரமாக உருட்டினோம். மார்ட்டின் வெள்ளைக் கால்சட்டையோடு ஒவ்வொன்றாகத் தூக்கிப் போட்டார். ஒரு நாணயத்தின் எடையைவிட அவை கூடுதல். ராமையா வேனுக்குள் இருந்தபடி, எப்படி உருட்டினால் கையில் குத்தாது என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் சிவநேசன் ஆஸ்பத்திரியில் தனக்குத் தெரிந்தவருக்குப் போன் போட்டு, மரியாதையான ஆங்கிலத்தில் அதட்டிக்கொண்டிருந்தார். வேன் கல்லைத் தாண்டியபோது லெச்சுமி அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அன்று மாலைக்குள் மருந்து ஏறத் தொடங்கிவிட்டது. இனி கண் டாக்டரும் காலமும்தான் சொல்ல வேண்டும் என்றார் சிவநேசன்.

ஐந்தாம் நாள் வகுப்பில் யாருக்கும் மனம் இல்லை. சரஸ்வதி வரவில்லை. சான்றிதழ் கொடுக்கும்போது மார்ட்டின் என்னைத் தனியாக நிறுத்தி, கடைசிவரை அலை தெரியவே இல்லையா என்று கேட்டார். சூடு என்று சொல்லித் தப்பிக்க விருப்பமில்லை.

"இல்லை. தெரியவில்லை. அந்தக் கயிறு மட்டும்தான் தெரிந்தது."

அவர் யோசித்தார். முள் கீறிய கைகள் இரண்டிலும் மருந்துப் பட்டை ஒட்டியிருந்தார். "அலையைத் தேடிக்கொண்டு அவ்வளவு லேசாகக் கை வைத்ததால்தானே கயிறு தெரிந்தது?" என்றார்.

ஊரில் என்றால் எடுத்த எடுப்பில் எண்ணெயைத் தடவிக் கட்டைவிரலை ஊன்றியிருப்பேன். ராமையா கத்தியிருப்பார். தசைப்பிடிப்பு என்று சொல்லி இன்னும் அழுத்தியிருப்பேன். சான்றிதழை வாங்கிக்கொண்டேன். எலும்புகள் அசைகின்றனவா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

ஆறாம் நாள் கிளம்பும் நாள். பேருந்துக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலிலேயே லெச்சுமி அக்கா பிடித்துக்கொண்டார். தலைவலி பாதி போய்விட்டது, கண் டாக்டர் பார்த்துவிட்டார், இரண்டு கண்ணும் தப்பித்துவிட்டது, இனி மாதக்கணக்கில் மாத்திரையை நிறுத்தவே கூடாதாம் என்று மூச்சு விடாமல் சொல்லியபடியே கீழே கேண்டீனுக்கு இழுத்துப் போனார். தே தாரே வாங்கிக் கொடுத்தார். நுரை ததும்பிய அந்தத் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். கலக்க அதில் ஒன்றும் மிச்சமில்லை.

"தங்கச்சி, ஒண்ணு சொல்றேன். சரசுகிட்டகூட சொல்லல. சாமி வந்தா என்னய பேரு சொல்லிக் கூப்புடாது. இத்தன வருசத்துல ஒரு தடவகூட இல்ல. எல்லாப் பொம்பளையும் அதுக்கு 'பொண்ணே'தான்."

நான் கப்பைக் கீழே வைத்தேன்.

"அன்னிக்கி 'லெச்சுமி'ன்னுச்சி." அவர் முகம் சிவந்திருந்தது. "அவருக்குத் தெரிய வேணாம். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா கூச்சப்படுவாரு."

அண்ணனோடு இருந்த சரஸ்வதி, என்னைப் பேருந்து நிலையத்தில் விடக் காடியை எடுத்துவரப் போனாள். கார் என்பதற்கு அங்கே அதுதான் பேச்சு. லெச்சுமி அக்கா மருந்துச் சீட்டோடு வரிசையில் நின்றார். நான் விடைபெற மாடிக்குப் போனேன்.

ராமையா அண்ணன் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து ஆப்பம் தின்றுகொண்டிருந்தார். மென்று தின்றார். தலை வகிடெடுத்துச் சீவியிருந்தது. சிவப்புத் துணி நான்காக மடித்துத் தலையணைக்கு அடியில் இருந்தது.

"வலி எப்படி அண்ணே?"

"தொட்டுப் பாருங்க."

தொட்டேன். உத்தரவு எதுவும் கேட்கவில்லை. கயிறு இன்னும் இருந்தது, ஆனால் அவர் மூச்சை இழுக்கவில்லை. கீழே சரஸ்வதியின் ஹாரன் கேட்டது.

"கெளம்புறேன் அண்ணே. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"செத்த இருங்க." வாசலை எட்டிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "அன்னிக்கி முனி வந்தாரு. சத்தியமா வந்தாரு. ஆனா பாதியில போயிட்டாரு, சுருட்டு முடியறதுக்கு முன்னாடியே. எனக்கு, அந்த டாக்டர் கண்ணு போயிரும்னு சொன்னதுலருந்து, உள்ளுக்குள்ள ஒரே நடுக்கம். மீதிய நான்தான் பேசுனேன்."

"உடம்பைப் பார்த்துக்குங்க. போயிட்டு வர்றேன்," என்றேன்.

"வாங்க, தங்கச்சி. லெச்சுமிக்கு மட்டும் தெரிய வேணாம்."